எல்லாம் காற்றுக் கணக்குதான்

மும்பையிலிருந்து சொந்த வண்டியில் கிளம்பி, லடாக் மலைகளையும் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தையும் ஒரே சுற்றில் பார்த்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசை தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகளிடம் இப்போது நிறையவே இருக்கிறது. ஆளுக்கொரு கட்டிங் சாயைக் கையில் வாங்கியதும் முதலில் வரும் கேள்வி, "அண்ணாச்சி, எந்த வண்டி எடுக்கலாம்? மஹிந்திரா தாரா, ஜிம்னியா, கூர்க்காவா?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது: "இப்போ ஓட்டுற வண்டியில டயருக்கு எத்தனை பவுண்டு காத்து வைக்கிற?" அநேகமாக யாருக்கும் தெரிவதில்லை. பஞ்சர் கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள்.

அவர் மாட்டுங்காவில் பார்த்துக்கொள்வார். மலையிலும் மணலிலும் நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். இந்தப் பயணத்தின் வித்தை முழுக்கக் காற்றில் இருக்கிறது என்பது என் கட்சி. டயருக்குள் அடைத்த காற்று, எஞ்சின் உறிஞ்சும் காற்று, நெஞ்சு வாங்கும் காற்று, மணல்மேட்டை வனைகிற காற்று எல்லாமே இதில் சேர்த்தி. கடல்மட்டத்தில் வாழ்கிற நமக்கு அது கண்ணில் படுவதில்லை. இங்கே அது எப்போதும் நிறைவாக, கனமாக, ஈரமாக இருக்கிறது. வண்டியும் உடம்பும் அதற்குப் பழகிக் கிடக்கின்றன. இன்னொரு கிளாஸ் சொல்லுங்கள், பொறுமையாகப் பார்ப்போம்.

நாள் குறிப்பதிலேயே முதல் சிக்கல் வந்துவிடும். பாலைவனத்துக்கு நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மலைக் கணவாய்கள் திறந்திருப்பதோ மே கடைசி அல்லது ஜூன் தொடங்கி அக்டோபர் வரை. ஜூனில் போனால் ஜெய்சல்மேர் 45 டிகிரியில் கொதிக்கும். டிசம்பரில் போனால் மணாலி–லே சாலை பனிக்கு அடியில் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் இமாச்சல் மண்சரிவு. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆண்டுக்கு ஒரு குறுகிய சந்துதான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மேற்கு ராஜஸ்தானை விட்டு விலகத் தொடங்குவது வழக்கமாகச் செப்டம்பர் 17-ஐ ஒட்டி. மும்பையை விட்டுப் போவது அக்டோபர் 8-ஐ ஒட்டி. ஆகவே செப்டம்பர் மூன்றாம் வாரத்தில், இங்கே மழை முழுசாக விடுவதற்கு முன்பே கிளம்பிவிடவேண்டும். மலையை முதலில் முடித்து, மணலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளவேண்டும். அக்டோபர் நடுவிலேயே மணாலி–லே சாலையின் பாராலாச்சா கணவாயில் பனி விழக்கூடும் என்பதால் அங்கிருந்து அதற்குள் இறங்கிவிடுவது நல்லது. பாலைவனம் எங்கும் ஓடிப்போகாது. தள்ளிப் போகப்போக அது குளிர்ந்து நமக்கு வசதியாகத்தான் ஆகும்.

போகும் வழி அகமதாபாத், உதயப்பூர், ஜெய்ப்பூர், அமிர்தசரஸ், ஜம்மு, ஸ்ரீநகர், கார்கில், லே. திரும்பும் வழி மணாலி, சண்டிகர், பிக்கானேர், ஜெய்சல்மேர், பார்மேர், அகமதாபாத். இதைத் தலைகீழாக மாற்றக்கூடாது. ஏன் என்று மலைக்கு வரும்போது சொல்கிறேன்.

கிளம்பும் முன் வண்டிக்குச் செய்யவேண்டியவற்றில் டயர்தான் தலையாயது. பவுண்டு என்று நாம் சுருக்கிச் சொல்வது, ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு எடை அழுத்துகிறது என்ற கணக்கு. 1,800 கிலோ வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தின் பங்கு 450 கிலோ, அதாவது ஏறத்தாழ 1,000 பவுண்டு. டயரில் 32 பவுண்டு காற்று இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்க டயர் தரையில் சுமார் 31 சதுர அங்குலம் படிந்து நிற்கும். விரித்த கையைவிடக் கொஞ்சம் பெரிய இடம். முழு வண்டியும் நம் குடும்பமும் அப்படி நான்கு கையகல இடத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த 31-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மணலில் தேவைப்படும்.

குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய உதிரிபாகங்கள் எல்லாம் கிடைக்கும். டயரை மட்டும் அங்கே வாங்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். பல வருடம் வெயிலில் கிடந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும், கல்லில் பட்டதும் பக்கவாட்டில் கிழியும். நல்ல டயரோடு அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று, வண்டி பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றடிக்கும் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். பெரிய வண்டிக்கு ஆசைப்பட்டுச் செலவழிக்கிற பணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. வேறு எதையும்விட இதுதான் உங்களை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும்.

காற்றை அடைத்து விற்கும் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.எஃப். 1946-இல் சென்னைக்கு அருகே திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதுதான். காற்றழுத்த மெஷின்களுக்குப் பெயர் பெற்ற எல்ஜி 1960-இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. நம் பிள்ளைகள் பஞ்சர் கடையை ஒரு படி கீழாகப் பார்க்காமல், அங்கே அரை நாள் உட்கார்ந்து டயரைக் கழற்றி மாட்டப் பழகவேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்தது பிரேக் ஆயில். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மும்பையில் நான்கு மாத மழையில் நனைந்த வண்டியை அப்படியே மலைக்குக் கொண்டுபோய், இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து உள்ளே குமிழி கட்டும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதி பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. கிளம்பும் முன் புது ஆயில் மாற்றுங்கள். மெக்கானிக் "அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்" என்று சொன்னாலும் விடாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். மலிவான பொருள், பெரிய வேலை. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், லே நகரத்தில் 88 டிகிரி அளவிலும், 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் 82 டிகிரி அளவிலும் கொதித்துவிடும். மேலிருந்து அழுத்தும் காற்று குறைவதே காரணம். மலை மேலே டீக்கடையில் தண்ணீர் சீக்கிரம் தளதளவென்று கொதிக்கும், ஆனால் அரிசி வேகாது. அங்கே எல்லா வீட்டிலும் குக்கர் இல்லாமல் சமையல் இல்லை. எஞ்சினின் ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான்; அதன் மூடிதான் வெயிட். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, எஞ்சின் அதிகம் சூடேறும் முன்னமே தண்ணீர் கொதித்து வெளியே வந்துவிடும். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கக்கூடாது என்பதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

சாமான் ஏற்றுவதில் சிக்கனமாக இருங்கள். கூரைமேல் ஏணி, விளக்கு, தண்ணீர்த் தொட்டி என்று ஏற்றிய வண்டிக்கு மலையிலும் மணலிலும் இரட்டிப்புச் சிரமம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு 1968 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று லண்டனிலிருந்து சிட்னி நோக்கி ஒரு பந்தயத்தில் 98 கார்கள் கிளம்பின. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகப் பாலையும் மலையும் கடந்து, காபூலைத் தாண்டி லதாபந்த் கணவாயில் குலுங்கி, டெல்லி வந்து, பம்பாயை அடைந்தபோது 72 மிஞ்சியிருந்தன. அவற்றை இங்கே சூசன் என்ற பயணிகள் கப்பலில் ஏற்றி, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். மீதி ஓட்டம் அங்கிருந்து. பம்பாய் வரை முன்னணியில் வந்தது ஒரு லோட்டஸ் கார்ட்டினா. கடைசியில் வென்றது ஆண்ட்ரூ கவன் ஓட்டிவந்த ஹில்மன் ஹண்டர், பள்ளிக்கூட வாத்தியார் வாங்கி ஓட்டுகிற மாதிரியான குடும்பக் கார். வேகமான வண்டிகள் ஒவ்வொன்றாக உடைந்து நிற்க, அது சீராக ஓடி முதலில் போய்ச் சேர்ந்தது. உலகின் பெரிய பாலை–மலை ஓட்டம் ஒன்று நம் துறைமுகத்தில் மூச்சுவாங்கிவிட்டுப் போயிருக்கிறது. நம் ஊரில் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, மலைக்கு வருவோம். லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். அந்தச் சிகரத்தின் உச்சிக்கும் மேலே 800 மீட்டர் உயரத்தில் ஒரு ஊர், கடைத்தெரு, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊட்டிக்குப் போய்வந்த அனுபவம் இங்கே கைகொடுக்காது.

உயரத்தில் ஆக்ஸிஜனின் விகிதம் குறைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விகிதம் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். லே நகரத்தில் அது மும்பையில் இருப்பதில் 65 சதவீதம், கர்துங் லாவில் பாதி. அதாவது அங்கே ஒரு முறை மூச்சை இழுத்தால் இங்கே அரை மூச்சு இழுத்த அளவு ஆக்ஸிஜன்தான் நெஞ்சுக்குள் போகும். உடம்பு இதைச் சமாளிக்கத் தெரிந்ததுதான், ஆனால் அவகாசம் கேட்கும். தலைவலி, வாந்தி வருவதுபோன்ற உணர்வு, பசியின்மை, தூக்கம் பிடிக்காமை ஆகியவை முதல் அறிகுறிகள். அவற்றை அலட்சியம் செய்து மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. அப்போது நம்பத்தக்க மருந்து ஒன்றுதான்: கீழே இறங்குவது. ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் இறங்கவேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரை சிலருக்கு உதவும். அதையும் சயானிலோ செம்பூரிலோ உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

வழியைத் தலைகீழாக மாற்றக்கூடாது என்றேனே, அதன் காரணம் இதுதான். உயரக் கணக்கில் பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவு எங்கே படுத்தோம் என்பது முக்கியம். ஸ்ரீநகர் 1,585 மீட்டர். அங்கிருந்து 3,528 மீட்டர் ஸோஜி லாவைத் தாண்டினாலும் இரவு கார்கிலில் 2,676 மீட்டரில் படுக்கலாம். அங்கே இரண்டு இரவு தங்கினால் இன்னும் நல்லது. மறுநாள் ஃபோட்டு லா 4,108 மீட்டர், ஏறி இறங்கினால் லே. படிப்படியாகப் போகிறது. மணாலி வழியிலோ சுமார் 2,050 மீட்டரில் தூங்கி எழுந்தவர், கேலாங்கில் நிற்காமல் போனால், அடுத்த இரவே 4,290 மீட்டர் சர்ச்சுவில் கூடாரத்தில் படுக்கவேண்டிவரும். கடல்மட்டத்திலிருந்து வந்த உடம்புக்கு அது பெரிய தண்டனை. லே நகரத்தில் ஒரு வாரம் கழித்து, உடம்பு பழகியபின் அதே மணாலி வழியில் இறங்கினால் ஒரு தொந்தரவும் இல்லை. லே சேர்ந்த முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடாதீர்கள். மெல்ல நடங்கள், தண்ணீர் குடியுங்கள், தூங்குங்கள். வீட்டுக்குப் பேச போஸ்ட்பெய்ட் சிம் வேண்டும். வெளிமாநிலப் பிரீபெய்ட் அங்கே எடுக்காது.

நமக்கு மூச்சு வாங்கும்போது எஞ்சினுக்கும் வாங்கும். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியில் சுமார் 3 சதவீதத்தை இழக்கிறது. 100 குதிரைத்திறன் பெட்ரோல் வண்டி கர்துங் லாவில் 50 குதிரையோடுதான் நிற்கும். டர்போ டீசல் காற்றைத் தானே அமுக்கி உள்ளே தள்ளுவதால் அவ்வளவு சோர்ந்துபோவதில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய பைக் காற்று குறைந்தது தெரியாமல் அதே அளவு பெட்ரோலை ஊற்றிக் கறுப்புப் புகை விடும். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகள் அளவைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஓட்டுபவர் செய்யவேண்டியது இரண்டே: முதல் கியரில் பொறுமையாக ஏறுவது, கிளட்சை அரைகுறையாக மிதித்துப் பிடிக்காமல் இருப்பது. கணவாய் வளைவுகளில் மூக்கில் ஏறுகிற கருகல் வாடை முக்கால்வாசி கிளட்ச் தட்டின் வாடை.

டயருக்குள் நடக்கிறது ஒரு வேடிக்கையான கணக்கு. கேஜ் காட்டுவது உள்காற்றின் முழு அழுத்தத்தை அல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. மும்பையில் வெளிக்காற்று 14.7 பவுண்டு அழுத்துகிறது, கர்துங் லாவில் 7.5 அளவில்தான். ஆக, யாரும் காற்றடிக்காமலேயே கேஜ் 7 பவுண்டு கூடிக் காட்டவேண்டும். ஆனால் குளிர் உள்காற்றைச் சுருக்குகிறது. இங்கே 35 டிகிரி வெயிலில் 33 பவுண்டு வைத்த டயர், அங்கே பூஜ்ஜிய டிகிரியில் 5 பவுண்டுக்குச் சற்று அதிகமாக இழக்கும். கூட்டிக் கழித்தால் 35-ஐ ஒட்டி நிற்கும். எனவே கணவாய் உச்சியில் நின்று பதறிப்போய்க் காற்றை இறக்காதீர்கள். அங்கே இறக்கிவிட்டு அப்படியே கீழே வந்தால் சண்டிகரில் டயர் தொய்ந்திருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் தொய்ந்த டயர் சூடேறி வெடிக்கும்.

லடாக்கைப் பாலைவனம் என்று சொன்னால் நம்மவர்கள் வியப்பார்கள். மணலும் வெயிலும் இருந்தால்தான் பாலை என்று நினைப்பு. லே நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. லே நகரத்துக்கு அது ஒன்பது வருட மழை. அந்த நாளில் மும்பைக்காரர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டோம்: தண்ணீரில் அணைந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது. காற்று போகவேண்டிய குழாயில் தண்ணீர் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மலையில் சாலையைக் குறுக்காக வெட்டி ஓடும் பனியுருகு ஓடைகளை நாலா என்பார்கள். அங்கும் அதே பாடம். வெயில் ஏற ஏறப் பனி உருகிப் பிற்பகலில் ஓடை பெருகும். அதிகாலையில் முழங்கால் அளவு இருந்தது மாலையில் இடுப்பளவு ஆகிவிடும். விடியலில் கடப்பதுதான் அங்கே எல்லா ஓட்டுநருக்கும் வழக்கம். உள்ளூர் லாரி ஒன்று கடக்கும்வரை காத்திருந்து, அது போன தடத்தில் போங்கள். காற்று உறிஞ்சும் குழாய் வண்டியில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று இங்கேயே பானட்டைத் திறந்து பார்த்து வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் செம்பூருக்குப் பக்கத்தில் மாகுலில் சுத்திகரிக்கிற டீசல் நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்றது. கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. அக்டோபர் இரவுகளில் உயரத்தில் தங்குவதாக இருந்தால் சமவெளி டீசலை மிச்சம் வைக்காமல் ஓட்டித் தீர்த்து, லே நகரத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. குளிருக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். அடைத்த அறையில் கரியடுப்பு வைத்தும் படுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஏற்கெனவே காற்று மெலிந்த இடத்தில் அது வேகமாக வேலையைக் காட்டும். தலைவலியும் மயக்கமும் மலைநோயின் அறிகுறி போலவே இருப்பதால் பக்கத்தில் இருப்பவருக்கும் சந்தேகம் வராது. இரண்டு கம்பளி கூடுதலாக எடுத்துப் போங்கள்.

இறங்கும் பாதையில் காட்டா லூப்ஸ் என்ற 21 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 70 வளைவுள்ள கொல்லிமலையில் ஓட்டியவர்களுக்கு எண்ணிக்கை பெரிதாகத் தெரியாது, ஆனால் உயரம் வேறு. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். 2020 அக்டோபர் 3 அன்று திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் வந்தபின் ரோஹ்தாங் கணவாயை ஏறவேண்டிய அவசியம் இல்லை. கேலாங்குக்கு அருகே தாண்டியில் உள்ள பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று லே நோக்கிப் போகிறவர்களை எச்சரிக்கும் பலகை பிரபலம். நாம் எதிர்த்திசையில் வருவதால், லே பக்கத்திலேயே நிரப்பிக்கொண்டு அந்தத் தூரத்தைத் தாண்டி வரவேண்டும். கேனில் எடுத்துவந்தால் உலோகக் கேனாக இருக்கட்டும். தாராவி 13 காம்பவுண்டில் கழுவி விற்கும் எண்ணெய் கேன்கள் தண்ணீருக்கு ஆகலாம், பெட்ரோலுக்கு ஆகாது. விளிம்புவரை நிரப்பாதீர்கள். கீழே மூடியது மேலே உப்பிக்கொண்டு நிற்கும், மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள்.

சண்டிகர் தாண்டிப் பிக்கானேர் வந்ததும் காற்று மறுபடி கனக்கும், வண்டி துள்ளும். இப்போது மணல். நான்கு சக்கர விசை பற்றி நிறையப் பேசுவார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். லே வரை தார்ச்சாலைதான், எல்லைச் சாலை நிறுவனத்தின் உழைப்பு அது. சின்னக் கார்களே போய்வருகின்றன. நான்கு சக்கர விசைக்கு உண்மையான வேலை மணலில்தான். அங்கும் அது இரண்டாவது உதவி, முதல் உதவி காற்றை இறக்குவது. அந்த 31 சதுர அங்குலம் நினைவிருக்கிறதா? டயரை 16 பவுண்டுக்கு இறக்கினால் அதே பாரத்துக்கு 62 சதுர அங்குலம் படியும். ரப்பரின் விறைப்பால் கணக்கு கொஞ்சம் குறையலாம், ஆனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டயர் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும், மணலை வெட்டாமல் மேலேயே மிதந்து போகும். புதைந்து நின்ற வண்டிகளில் பலவற்றுக்கு இழுவைக் கயிறே வேண்டாம், காற்றை இறக்கினாலே தானாக வெளியே வரும்.

அழுத்தம் குறைந்த டயரில் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வளைவுகளை அகலமாக எடுங்கள். நிற்கவேண்டுமென்றால் பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரை விட்டுத் தானாக நிற்கவிடுங்கள், அதுவும் இறக்கத்தைப் பார்த்தபடி. சக்கரம் சுழன்று குழி பறிக்கத் தொடங்கிய அந்த நொடியில் காலை எடுத்துவிடவேண்டும். மேலும் மிதித்தால் வயிற்றுவரை புதையும். இறங்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் கையால் மணலைத் தள்ளி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். கயிறு போட்டு இழுப்பதாக இருந்தால் சட்டத்தில் உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே கட்டவேண்டும். வேறு எதில் கட்டினாலும் அது பிய்த்துக்கொண்டு குண்டுபோலப் பறக்கும், அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. தார்ச்சாலை ஏறும் முன் நான்கு டயருக்கும் காற்றடித்து முடிக்காமல் ஒரு அடி நகராதீர்கள். இதற்குத்தான் அந்தச் சின்ன மெஷின்.

பழகுவதற்கு அலிபாக், ரேவ்தண்டா கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அலை ஏறும் வேகத்துக்கு வண்டி ஈடுகொடுக்காது, உப்புத்தண்ணீர் அடிப்பாகத்தை அரித்துவிடும், மீனவர் வலை காயவைக்கும் இடம் அது. லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் மணல்மேடுகளைக் கண்டதும் கை துறுதுறுக்கும். அங்கும் வண்டியை இறக்காதீர்கள். 2022-இல் அங்கே காரை ஏற்றிய பயணிகளுக்கு 50,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள், விதித்தது சரி. மழையில்லாத குளிர்ப்பாலையில் சக்கரத் தடம் வருடக்கணக்கில் அழியாது. அங்கே முளைக்கும் கொஞ்சநஞ்சச் செடியும் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் தீவனம்.

ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள் இருக்கின்றன. பக்கத்திலேயே பாலைவனத் தேசியப் பூங்கா. கானமயில் என்ற அழிந்துவரும் பறவைக்கு மிஞ்சியிருக்கும் சில இடங்களில் அது ஒன்று, அதற்குள் நம் இஷ்டத்துக்கு ஓட்ட இடமில்லை. ஓட்ட அனுமதியுள்ள மேடு எது என்று அங்கே ஜீப் ஓட்டும் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்குக் கூலி கொடுத்து, முதல் நாள் அவரை ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மறுநாள் நீங்கள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்காரட்டும். அவர் மேட்டைப் பார்த்ததும் முதலில் கவனிப்பது காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதை. காற்றடித்த பக்கம் மணல் அடர்ந்து இறுகிச் சாய்வாக இருக்கும், வண்டி ஏறும். மறுபக்கத்தில் மணல் சரிந்து விழுந்து 33, 34 டிகிரிச் சரிவாகப் பொலபொலவென்று நிற்கும், அதில் ஏற முடியாது. தாரில் கோடையின் தென்மேற்குக் காற்றுதான் பெரும்பாலும் மேடுகளை வனைவதால், அந்தச் செங்குத்துப் பக்கம் பெரும்பாலும் வடகிழக்கைப் பார்த்திருக்கும். வேகத்தோடு உச்சியைத் தாண்டிக் குதிப்பவர்கள் மறுபுறத்தைப் பார்க்காமல்தான் மூக்குக் குத்தி விழுகிறார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்பே வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து போய் மறுபக்கத்தைப் பாருங்கள். இறங்கத் தோதாக இருந்தால் முதல் கியரில், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், நேர்கீழாக இறக்குங்கள். சரிவில் கொஞ்சம் குறுக்காக எடுத்தாலும் வண்டி பக்கவாட்டில் உருண்டுவிடும்.